நாலு மணிக் காவல்

"வேற என்ன வேணும், மிஸ்டர் பெட்டிஸ்?"

"ஒண்ணும் வேணாம்."

"ஒரு தலையணை? நாற்காலி? ஜன்னலுக்குத் திரை?"

"கேட்டு வாங்கிப் பழக்கமில்ல, மிஸ் நடீன். குடுத்தா வாங்கிக்குவேன். குடுக்கலேன்னா அதுவும் சரிதான்."

வீட்டுச் சாவியைக் கையில் வைத்தபோது ஆர்லோ பெட்டிஸ் சொன்னது இது. ஒன்றரை வருடமாகிவிட்டது. பனி மூடிய கின்ஸ்லி தெருவுக்குள் காரைத் திருப்பும்போது நடீனுக்கு அந்தப் பேச்சு வார்த்தை மாறாமல் நினைவுக்கு வந்தது.

பதினோரு குளிர்காலங்களை அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஆற்றுப் பாலத்தடியில் கழித்தவர் ஆர்லோ. அவரை அங்கிருந்து இந்தச் செங்கல் கட்டடத்தின் மூன்றாவது மாடிக்குக் கொண்டுவர, பழைய சிப்பாய்களுக்கு வீடு தேடித் தரும் அலுவலகத்தில் வேலை பார்க்கும் நடீனுக்கு ஏழு மாதம் பிடித்தது. தொலைந்துபோன ராணுவ விடுவிப்புக் காகிதத்தைத் தேடினாள். வாடகையில் பெரும்பங்கை அரசு கட்டும் உதவிச் சீட்டை வாங்கினாள். அந்தச் சீட்டைப் பார்த்ததும் முகத்தைச் சுளிக்காத லாண்டிஸ் என்ற கட்டடக்காரரைக் கண்டுபிடித்தாள். இன்று காலை ஒன்பது மணிக்கு அதே கட்டடக்காரர் அவரை வெளியேற்றக் கேட்டு வீட்டு வழக்கு மன்றத்தில் நிற்கப்போகிறார். ஆர்லோ தோற்றால் வீடும் போகும், சீட்டும் போகும். மிச்சம் பாலத்தடிதான்.

இன்னும் விடியவில்லை. ஏரியிலிருந்து வந்த காற்று காதைக் கிழித்தது. கட்டடத்தின் முன்னால் மூன்று பேர் பனி அள்ளிக்கொண்டிருந்தார்கள். ராத்திரி முழுக்க விழுந்த பனி முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது; அதற்கு அடியில் முந்தாநாள் பனி கண்ணாடியாக உறைந்திருந்தது. ஆர்லோ இரும்புக் கம்பியால் அதைக் குத்திப் பெயர்த்தார். ஒவ்வொரு குத்துக்கும் அவருடைய வலது முழங்கால் மடங்கி நிமிர்ந்தது. பெயர்த்த பாளங்களை ரமோனா மண்வெட்டியால் அள்ளி ஓரமாக எறிந்தாள். இரண்டு போர்களில் லாரி ஓட்டிய தோள்கள் அவளுக்கு. பின்னால் எழுபத்திரண்டு வயது டூயி ஒரு காபி டப்பாவிலிருந்து உப்பை எடுத்துத் தூவிக்கொண்டு வந்தார். இது கட்டடக்காரர் செய்ய வேண்டிய வேலை. இந்தக் குளிர்காலத்தில் அவர் ஒரு நாள்கூடச் செய்யவில்லை.

"காபி கொண்டாந்தீங்களா, இல்ல அறிவுரை கொண்டாந்தீங்களா?" என்றாள் ரமோனா, நிமிராமலே.

நடீன் பிளாஸ்கைத் தூக்கிக் காட்டினாள். அறிவுரையும் இருந்தது, அதை அவள் வெளியே எடுக்கவில்லை. நேற்று மாலை அவளுடைய மேலதிகாரி அவளை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தியிருந்தார். நம் ஆட்களில் நாற்பது பேர் லாண்டிஸின் கட்டடங்களில் இருக்கிறார்கள், அவரைப் பகைத்துக்கொள்ள முடியாது, பெட்டிஸைச் சமாதானமாகப் போகச் சொல் என்றார். நடீன் எழுந்து வந்துவிட்டாள்.

வழக்கின் காரணம் ஒரு நாற்காலி. அக்டோபரில் கீழ்க் கதவின் பூட்டு உடைந்தது. யாரோ ஒருவன் உள்ளே வந்து, குளிர் தாங்காமல் படிக்கட்டுக்கு அடியில் அட்டைப்பெட்டிகளைக் கொளுத்திக் குளிர்காய்ந்தான். புகை மூன்று மாடிக்கும் ஏறியது. டூயியைப் போர்வையில் சுருட்டித்தான் தூக்கி வந்தார்கள். அவனையும் ஆர்லோதான் வெளியே இழுத்துப் போட்டார். தன் கோட்டைப் போர்த்திவிட்டு நடீனுக்குப் போன் செய்தார். மறுநாளே கட்டடத்திலிருந்த ஒன்பது பழைய சிப்பாய்களும் ராணுவ முகாமில் செய்ததையே இங்கேயும் செய்தார்கள். இரவு பத்து முதல் காலை ஆறு வரை, ஆளுக்கு இரண்டு மணி நேரம், முறை வைத்துக் காவல். கீழ்க் கதவருகே ஒரு நாற்காலி, ஒரு கைவிளக்கு. நாலு மணிக் காவல் யாருக்கும் பிடிக்காத காவல். அதை ஆர்லோ தனக்கென்று எடுத்துக்கொண்டார். வார அட்டவணையை அச்சுப்போன்ற எழுத்தில் எழுதி, கீழே 'பொறுப்பு: ஆ. பெட்டிஸ்' என்று கையெழுத்திட்டுச் சுவரில் ஒட்டினார்.

அந்தத் தாள்தான் இப்போது லாண்டிஸின் சாட்சி. பொது இடத்தில் ஆள் கூட்டுகிறார், மற்றவர்களை மிரட்டுகிறார் என்று வழக்கு.

"தப்பு செய்யறவன் எவனாவது பேரெழுதிக் கையெழுத்துப் போட்டு ஒட்டுவானா, சார்ஜென்ட்?" என்று ரமோனா அன்றைக்குக் கேட்டிருந்தாள்.

"கையெழுத்தில்லாத உத்தரவை யாரு மதிப்பா?" என்றார் ஆர்லோ. அவருக்கு அதில் தவறு எங்கே என்று இன்றுவரை புரியவில்லை.

ஏழு மணிக்கு லாண்டிஸின் கார் வந்தது. பெயர்த்துச் சுத்தம் செய்த இடத்தில் காலை வைத்து அவர் இறங்கினார். கையில் ஒரு தாள்.

"பெட்டிஸ், மன்றம் வரைக்கும் போக வேணாம். இதுல கையெழுத்துப் போடுங்க. மாசக் கடைசியில காலி பண்ணுங்க. வழக்கை வாபஸ் வாங்கிக்கறேன், உங்க சீட்டும் உங்க கையில இருக்கும். மத்தவங்க நிம்மதியா இருக்கலாம். நாற்காலி மட்டும் அங்க இருக்கக் கூடாது."

"பூட்டு?" என்றாள் ரமோனா.

"சொல்லியிருக்கேன்."

"அக்டோபர்ல சொன்னீங்க. இது பிப்ரவரி."

"இது வீடும்மா. ராணுவ முகாம் இல்ல. வர்றவங்க பயப்படறாங்க."

"யாரு பயப்படறா? பூட்டில்லாத கதவைத் தள்ளிட்டு வர்றவனா?"

டூயி உப்பு டப்பாவைக் கீழே வைத்தார். "மிஸ்டர் லாண்டிஸ், சூடேற்றி வேலை செய்யாம நான் வீட்டுக்குள்ள கோட்டு போட்டுத் தூங்கறேன். வெளிய வந்தாத்தான் கழட்டத் தோணுது. அதையும் ஒரு தாள்ல எழுதிக் குடுங்களேன், கையெழுத்துப் போடறேன்."

லாண்டிஸ் சிரிக்கவில்லை. நடீனின் பக்கம் திரும்பினார். "உங்க ஆபீஸ்ல பேசிட்டேன். நீங்களே எடுத்துச் சொல்லுங்க. இவங்களை எடுத்துக்க இந்த ஊர்ல எத்தனை பேர் இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியும்."

நடீனுக்குத் தெரியும். கையில் சீட்டு இருந்தும் தங்க இடமில்லாமல் இப்போதே அவளுடைய ஆட்கள் வேறு ஒன்பது பேர் அலைந்துகொண்டிருந்தார்கள். ஆர்லோ தாளை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கம்பியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படியேறினார். லாண்டிஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மன்றத்தில் பார்க்கலாம், அதற்குள் புத்தி வந்தால் நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார்.

நடீன் மேலே போனபோது கதவு திறந்தே இருந்தது. அவள் வாங்கிக் கொடுத்த கட்டில் விரிப்புக் கலையாமல் கிடந்தது. கதவுக்குப் பின்னால் தரையில் மடித்த ஒரு கம்பளி, பக்கத்தில் கட்டிவைத்த பச்சைப் பை. ஒன்றரை வருடமும் அந்தப் பை அவிழ்க்கப்படவில்லை. ஆர்லோ இப்போது அதன் வாரை இழுத்து இறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னால எட்டுப் பேருக்குக் கஷ்டம் வேணாம்," என்றார். "நான் போனா அவங்க இருப்பாங்க."

"என் மேலதிகாரி உங்களைக் கையெழுத்துப் போடச் சொல்லச் சொன்னாரு," என்றாள் நடீன். "நான் சொல்லப் போறதில்ல. அதுக்கு என்ன ஆகுமோ அது என் பாடு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு பையில் வைக்க மேசையிலிருந்த மூன்று நோட்டுப் புத்தகங்களை எடுத்தார். நடீன் கையை நீட்டினாள். அவர் கொடுத்தார்.

காவல் குறிப்புகள். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு வரி, ஒவ்வொரு வரிக்கும் ஒரு கையெழுத்து. 'கீழ்க் கதவு பூட்டவில்லை. உரிமையாளருக்குச் சொல்லப்பட்டது.' 'சூடேற்றி நின்றுவிட்டது. இரண்டாம் மாடித் தாழ்வாரத்தில் தண்ணீர் உறைந்துள்ளது.' 'படியில் விளக்கில்லை. டூயி விழுந்தார். எலும்பு முறிவில்லை.' அக்டோபரிலிருந்து இன்று காலை ஆறு மணி வரை, ஓர் இரவும் விடுபடவில்லை. ஒன்பது விதமான கையெழுத்துகள்.

நடீன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "இத ஏன் யார்கிட்டயும் காட்டல?"

"யாரும் கேக்கலையே."

"இது போதும், ஆர்லோ." அவள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "ஜெயிப்போம்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இத நீதிபதி முன்னால வெச்சா, அந்தாளு பூட்டைப் பத்திப் பேசியே ஆகணும். எழுதினவங்களும் வந்து, இது என் கையெழுத்துதான்னு சொல்லணும்."

"வர மாட்டாங்க. வரவும் கூடாது. அவங்களுக்கும் நோட்டீஸ் வரும்." அவர் பையைத் தோளில் மாட்டினார்.

ஆனால் கீழே அவர்கள் நின்றிருந்தார்கள்.

கதவருகே காவல் நாற்காலியைச் சுற்றி எட்டுப் பேர், கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு. போன வாரம் பயந்துபோய் அட்டவணையிலிருந்து பெயரை அடித்துவிட்ட இரண்டாம் மாடி லைலும் இருந்தான், யார் முகத்தையும் பார்க்காமல். டூயி பழைய ராணுவத் தொப்பியை எங்கிருந்தோ தேடி எடுத்து வைத்திருந்தார். ரமோனா பள்ளிச் சமையலறை வேலைக்கு இன்று வரவில்லை என்று அப்போதுதான் போனில் சொல்லி முடித்தாள்.

ஆர்லோ கடைசிப் படியில் நின்றார். அவருடைய கண் ஒவ்வொரு முகமாகப் போனது. "நான் யாரையும் கூப்பிடலையே," என்றார்.

"அதான் விஷயம்," என்றாள் ரமோனா. வழியை மறித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். "நாங்களா வந்தா, நாளைக்கே 'நான் கூப்பிடலையே'ன்னு சொல்லிட்டு இந்தப் பையைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவீங்க. உங்களைத் தெரியும் சார்ஜென்ட். எட்டரைக்கு பஸ். எட்டுப் பேரும் ரெடி. நீங்க கேக்கணும்."

"ரமோனா…"

"கேளுங்க. கேக்காம இந்தக் கதவைத் தாண்ட முடியாது. இப்ப என் காவல்."

யாரோ சிரித்தார்கள். பூட்டில்லாத கதவு காற்றில் லேசாகத் திறந்து, மறுபடி வந்து இடித்தது. நடீன் நோட்டுப் புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் ஒரு படி மேலே நின்றாள். எடுத்துக் கொடுக்க அவள் வாயில் வார்த்தை இருந்தது. அதை விழுங்கிக்கொண்டாள்.

ஆர்லோ சட்டைப்பையிலிருந்து லாண்டிஸின் தாளை எடுத்தார். பிரித்துக்கூடப் பார்க்காமல் இரண்டாகக் கிழித்தார், நாலாகக் கிழித்தார். தோளிலிருந்த பச்சைப் பையை இறக்கிப் படியில் வைத்தார். பாலத்தடியில் பதினோரு வருடம் ஒருவர் முன்னாலும் வராத குரல், கரகரவென்று, பாதி உடைந்து வந்தது.

"எனக்கு இந்த வீடு வேணும். எல்லாரும் என்கூட வந்து நில்லுங்க."