அக்காவின் மூன்று கேள்விகள்

மனச்சிதைவு நோயைப் பற்றித் தனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்பது சலவைக் கடை அக்காவின் நினைப்பு. பெரிய தம்பியோடு பன்னிரண்டு வருஷம் மாரடித்தவள் அல்லவா? சுவருக்குள்ளிருந்து யாரோ திட்டுகிறார்கள் என்று அவன் அலறியதும், வாடிக்கையாளர் கோட்டுகளைக் கிழித்து உள்ளே மைக் தேடியதும் அவளுக்கு மனப்பாடம். மாத்திரை பிடித்த பிறகு அவன் தேறிவிட்டான். கடைக்கு வரும் துணிகளில் எண் தைப்பது அவன் வேலை. ஒரு எண்ணும் மாறியதில்லை.

இந்த அனுபவத்தில் அக்கா மூன்று கேள்விகளைக் கையில் வைத்திருந்தாள். குரல் கேட்கிறதா, யாராவது பின்னால் வருகிறார்களா, சாப்பாட்டில் எதையாவது கலக்கிறார்களா. மூன்றுக்கும் இல்லை என்று பதில் வந்தால் ஆள் நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம். அக்கம்பக்கத்தில் யாருக்காவது மனசு சரியில்லை என்றால் இவளிடம்தான் கேட்க வருவார்கள். அதில் தலைக்கனமும் கொஞ்சம் ஏறியிருந்தது.

சின்னத் தம்பிக்கு இருபத்தாறு வயது. ஆறு மாதத்துக்கு முன் அவனுக்குப் பேச்சு குறைந்தது. பிறகு குளிப்பதை விட்டான். இப்போதெல்லாம் இஸ்திரி மேஜையருகே ஸ்டூலில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான்.

அக்கா மூன்றையும் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் வெகுநேரம் கழித்து, "இல்ல," என்றான்.

"அப்ப உனக்கு ஒண்ணுமில்ல. உடம்பு வளையல, அவ்வளவுதான்."

ஒருநாள் அவன் கையைத் தூக்கி, ஹாங்கரில் ஒரு சட்டையை மாட்டி விரலில் தொங்கவிட்டாள். கை அப்படியே நின்றது. "புது ஸ்டாண்டு வாங்கியிருக்கேன், பாருங்க," என்றாள். கடையில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் அரைமணி நேரம் அந்தச் சட்டையைத் தாங்கிக்கொண்டிருந்தான்.

சிரிக்காதவன் பெரியவன் மட்டும்தான். "அக்கா, இவனுக்கும் என் வியாதிதான். வேற மாதிரி வந்திருக்கு. ஆஸ்பத்திரியில என் பக்கத்துக் கட்டில்ல ஒருத்தன் இப்படியேதான் இருந்தான்."

"காலையில மாத்திரை போட்டியா?"

"போட்டேன். நான் இவனப் பத்திச் சொல்றேன்."

"எனக்கே பாடம் எடுக்காத."

அவன் விடாமல் இன்னும் இரண்டு முறை சொன்னான். தம்பிக்கு இல்லாத நோயை இவன் கற்பனை செய்கிறான் என்று அக்கா அவனுடைய டாக்டருக்குப் போன் போட்டாள். மாத்திரையைக் கூட்டினார்கள். அதற்குப் பிறகு பெரியவனுக்கு விரல் நடுங்கி, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

அன்று மலைபோல் துணி குவிந்திருந்தது. பெரியவன் மூலையில் ஊசியோடு போராடிக்கொண்டிருந்தான். சின்னவன் உள்ளங்கையை மேஜைமேல் விரித்தபடி உட்கார்ந்திருந்தான். கையை எடு என்று பத்துத் தடவை சொல்லிவிட்டாள். அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சுட்டா தானா எடுப்ப."

இஸ்திரிப் பெட்டியை அந்தக் கைக்கு மேல் பிடித்தாள். மிரட்டத்தான் நினைத்தாள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். இன்னும் கொஞ்சம் இறக்கினாள். சோம்பேறி கடைசி நொடியில் இழுத்துக்கொள்வான் என்று அவளுக்கு அவ்வளவு நிச்சயம். இழுக்கவில்லை. பெட்டி தொட்டது. தோல் கருகும் வாடை வந்தபோது கத்தியது அக்காதான்.

ஆஸ்பத்திரியில் பெரியவனைப் பார்க்கும் அதே டாக்டர், சின்னவனுடைய நல்ல கையைத் தூக்கி விட்டார். அது விட்ட இடத்தில் நின்றது.

"இதுவும் அதே நோய்தாம்மா. குரல் கேட்டாத்தான்னு இல்ல. சிலருக்குச் சந்தேகம், சிலருக்குப் பேச்சு குழம்பும், சிலருக்கு இப்படி உடம்பே பூட்டிக்கும். முன்னாடியே வந்திருந்தா இவ்வளவு முத்தியிருக்காது. கை எப்படிச் சுட்டுச்சு?"

உண்மையைச் சொல்லிவிடத்தான் அக்கா வாயைத் திறந்தாள். "பெட்டி பட்டுருச்சு, டாக்டர். நான் கவனிக்கல," என்று வந்தது.

"அக்காதான் வச்சா," என்றான் பெரியவன். "நான் பாத்தேன். இவனுக்கு வியாதின்னு மூணு தடவ சொன்னேன். யாரும் கேக்கல."

டாக்டர் அவனை ஒரு பார்வை பார்த்தார். நடுங்கும் விரல்களையும் பார்த்தார். பிறகு அக்காவிடம் திரும்பிக் குரலைத் தணித்துக்கொண்டார்.

"இவர் மாத்திரை ஒழுங்கா எடுத்துக்கறாரா?"

பெரியவன் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இனிமே நானே கையால குடுக்கறேன், டாக்டர்," என்றாள் அக்கா.