சுவரில் எடுத்த அளவு

தையற்காரிக்கு நாள் தள்ளிப்போன மாதமே அவள் குடியிருந்த வீட்டு மாடிப்படியின் வலப்பக்கச் சுவரும் கருவுற்றது. முதலில் சின்ன வீக்கம். பிறகு பூசணிக்காய் அளவு. மேல்வீட்டுக் கணக்கு வாத்தியார் தன் தொப்பை இடித்தபோதெல்லாம் சுவரைத்தான் திட்டினார். வீட்டுக்காரர் அழைத்து வந்த கொத்தனார் ஈரக்கசிவு என்று சொல்லிச் சுவரில் கை வைத்தார். வெதுவெதுப்பும் துடிப்பும் பட்டதும் கரண்டியைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, இது டாக்டர் வேலை என்று இறங்கிப் போய்விட்டார்.

தையற்காரிக்கும் அதே வலப்பக்கம் அடிவயிறு வலித்தது. மாமியார் வாயு என்றாள். ஸ்கேன் டாக்டர் கர்ப்பப்பையில் பிள்ளையின் இதயம் துடிப்பதைக் காட்டி, வாழ்த்துச் சொல்லி, வயிற்றைத் துடைத்துக்கொள்ளத் துணி கொடுத்தார். பையில் பிள்ளை இருக்கும்போது வெளியே இன்னொன்றைத் தேட வேண்டியதில்லை, பல்லாயிரத்தில் ஒருத்திக்குத்தான் அப்படி வரும் என்றார். அவள் கட்டிலை விட்டு இறங்கவில்லை. வெளியே வரிசை முணுமுணுத்தது. எலக்ட்ரீஷியனான கணவன் கையைப் பிடித்து எழுப்பப் பார்த்தான்.

"அந்த ஒருத்தி நானா இருந்துட்டுப் போறேன். வலப்பக்கம் பாருங்க டாக்டர். பாக்காம எந்திரிக்க மாட்டேன்."

டாக்டர் கருவியை நகர்த்தினார். கர்ப்பப்பைக்குப் போகும் வழியில், கருக்குழாயில், இன்னொரு இதயம் துடித்துக்கொண்டிருந்தது. அவர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. உடனே அறுவை மருத்துவரைப் போனில் கூப்பிட்டார், அது அதைவிட மேல்.

குழாயில் பிள்ளை வளர இடமில்லை, குழாய் வெடித்தால் தாயே மிஞ்சமாட்டாள் என்றார் அறுவை மருத்துவர். மருந்து கொடுத்துக் கரைத்தால் பையில் இருப்பதற்கும் ஆபத்து. சின்னத் துளைகள் போட்டுக் குழாயை மட்டும் எடுக்கலாம், ஆனால் மற்றது தங்குமென்று உறுதி சொல்ல முடியாது. மாமியார் அழுதுகொண்டே, எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், என் மருமகள் இருந்தால் போதும் என்றாள்.

"படியில நிக்கிற பிள்ளையால வீட்டுக்குள்ள வர முடியல அத்தே, நான் என்ன செய்ய? ஆனா வந்து உக்காந்ததை யாரும் வெளிய அனுப்பக் கூடாது. அது இருக்கும்."

அறுவை நடந்த மதியம் சுவர் மெல்ல அமிழ்ந்து, ஒரு கைப்பிடியளவு செங்கல்தூள் படியில் உதிர்ந்தது. மாமியார் அதைப் பெருக்காமல் அள்ளித் துணியில் முடிந்து வைத்தாள். உரிய மாதத்தில் மகள் பிறந்தாள்.

வீக்கம் இருந்த இடத்தில் உள்ளங்கை அளவில் விழுந்த குழி வருடா வருடம் வளர்ந்து ஒரு சிறுமியின் வடிவத்துக்கு வந்தது. வீட்டுக்காரர் இரண்டு தடவை சிமெண்ட் பூச ஆள் அனுப்பினார்; இரண்டு தடவையும் தையற்காரி கத்தரிக்கோலோடு படியில் உட்கார்ந்துகொண்டாள். அதன்பிறகு அவர் அனுப்பவில்லை. இப்போது எல்லோரும், கணக்கு வாத்தியார் உட்பட, இடப்பக்கம் ஒதுங்கியே ஏறுகிறார்கள். மகள் பள்ளியில் இருக்கும் நேரத்தில் சீருடை வெட்ட வேண்டியிருந்தால், தையற்காரி டேப்பைச் சுவரில் வைத்துத் தோளும் இடுப்பும் எடுத்துக்கொள்கிறாள். சட்டை இதுவரை ஒரு தடவைகூட இறுக்கியதில்லை.