கோல் அடித்தவர் பெயர்

...நாலு வரி, திருப்பித் திருப்பி எண்ணினாலும் நாலுதான், அதில் ஒன்றரை வரி கோப்பையைத் தூக்கிக் கொடுக்க வந்த பெரிய மனிதருக்கு, அரை வரி தண்ணீர் போத்தல் கொடுத்த கம்பெனிக்கு, பதினோரு வருஷம் கழித்துக் கல்லூரிக்குக் கோப்பை வந்திருக்கிறது, அத்தனை மழையும் சேறும் ஓட்டமும் மிச்சம் இரண்டு வரிக்குள் அடங்கிவிட்டன, பக்கத்தில் ஒரு படம்... ஆனால் இன்றைக்கு இந்தப் பத்திரிகையைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. மூன்று வருஷமாகத் திட்டித் தழும்பேறிய வாய். எதிரே ஸ்டூலில் நபீஸா உட்கார்ந்திருக்கிறாள், என் ஜெராக்ஸ் கடைக்கு இரண்டு கடை தள்ளிக் கைலிக் கடை வைத்திருக்கிறவள், மடியில் அதே பத்திரிகை, கத்தரித்த துண்டு ஒன்று, கத்தரிக்காத முழுத்தாள் மூன்று. படத்தில் இருப்பது அவள் மகன் அஸ்கர். இரண்டு கோலையும் அடித்தவர் அஸ்கர், வயது இருபத்தொன்று, கடைசி வருஷ மாணவர், பபேடான் பேட்டைவாசி என்று கீழே போட்டிருக்கிறது. பெரிதாக எடுத்து லேமினேஷன் போட்டுத் தரவேண்டுமாம். கரண்ட் வந்து இரண்டு நிமிஷம்தான் ஆகிறது, "மீ லாபீ" என்று தெருவே பர்மியத்தில் கூவி அடங்கியது, மிஷின் சூடேற இன்னும் ஐந்து நிமிஷமாவது வேண்டும். அதுவரை இவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க வேண்டும். எப்படி உட்கார்வது?

அடித்தது என் மகன். பிரேம்நாத். முதல் கோல் தலையால், கார்னரிலிருந்து வந்த பந்தை இரண்டு பேருக்கு மேலே எழும்பி முட்டினான், நான் கோல் கம்பத்துக்குப் பின்னால் குடையோடு நின்றேன், பந்து வலையில் விழுந்தபோது சேறு என் புடவை வரைக்கும் தெறித்தது. இரண்டாவது எண்பதாவது நிமிஷத்தில், அஸ்கர் வலது பக்கமிருந்து தள்ளிக் கொடுத்தான், பிரேம் நிறுத்தாமல் இடது காலால் அடித்தான், அந்தக் காலால் அவன் அடித்து அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. என்னைப் பார்த்துத்தான் ஓடிவந்தான். அம்மாவைத் தேடி ஓடிவருகிற ஆட்டக்காரன் என்று கூட்டம் சிரித்தது, சிரிக்கட்டும், அந்த மைதானத்துக்கு வருகிற ஒரே அம்மா நான்தானே. மூன்று வருஷத்தில் ஒரு ஆட்டம் விட்டதில்லை. கடையை இழுத்துப் பூட்டிவிட்டுப் போவேன். அவன் அப்பாவுக்குப் போட்டாதாங் படகுத்துறையில் வேலை, சனிக்கிழமைகூட வரமுடியாது, என்ன நடந்தது என்று என்னைத்தான் கேட்பார். பத்திரிகையைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாதா என்றால்... முடியாது, இந்தப் பத்திரிகையைப் படித்தால் முடியாது.

முதல் வருஷம் கால் இறுதியில் ஜெயித்தோம், தோற்றதாகப் போட்டார்கள். இரண்டாவது வருஷம் கோல்கீப்பர் பாய்ந்து பிடிக்கிற படத்தைப் போட்டுக் கீழே ‘ஆர்வமிகு ரசிகர்’ என்று எழுதினார்கள். போன வருஷம் அரை இறுதியில் பிரேம் அடித்த கோலுக்கு ‘ஒரு வீரர்’ என்று போட்டார்கள். ஒரு வீரர். பெற்றவர்கள் பேர் வைக்காமல் தெருவில் விட்ட பிள்ளை மாதிரி. கல்லூரிப் பதிவேட்டில் அவனுக்கு மின் தூ என்று பர்மியப் பெயர், வீட்டில் பிரேம்நாத், எங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் இப்படி இரண்டு, இரண்டில் எதையாவது ஒன்றைப் போட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா? அதை எழுதுகிறவர் ஊ தான் மவுங் என்கிற பர்மியர். நல்ல மனிதர்தான், சோம்பேறி. மைதானத்துப் பக்கமே வரமாட்டார். அணிப் பட்டியல் என் கடையில்தான் ஜெராக்ஸ் எடுப்பார்கள், அதில் ஒரு பிரதி வாங்கிக்கொள்வார், முனைக் கடையில் டீ குடிப்பார், ஆட்டம் முடிந்ததும் யாருக்காவது போன் போட்டு எத்தனைக்கு எத்தனை என்று கேட்பார், முடிந்தது செய்தி. மறுநாள் நான் பிடித்துக்கொள்வேன். பர்மியத்தில் சண்டை போட்டால் என் கோபம் பாதியாகிவிடும், தமிழில் திட்டினால் அவருக்குப் புரியாது. "டோ புஷ்பா, பேப்பர்ல இடமில்ல" என்று பெயருக்கு முன்னால் மரியாதைக்கு ஒரு டோ போட்டுச் சிரிப்பார். தண்ணீர் போத்தல் கம்பெனிக்கு மட்டும் எப்படி இடம் வருகிறது சயா என்பேன், ஐயாவுக்கு இங்கே சயா. அதற்கும் சிரிப்பார்.

அப்படிச் சண்டை போட்டவள்தான். அது போன புதன்கிழமையோடு போயிற்று. அன்று ஏதோ ஒரு வார்டு ஆபீஸ் ஆள் வந்தான், முன்பின் பார்த்ததில்லை, ஒரு கட்டுத் தாளைக் கொடுத்து முப்பது காப்பி என்றான். ஜெராக்ஸ் கடைக்காரிக்குக் கண் கிடையாது, எந்தத் தாள் வந்தாலும் கை போடுமே தவிர கண் படிக்காது, அதுதான் இந்தத் தொழிலின் மரியாதை, இருபது வருஷமாக அப்படித்தான் இருந்திருக்கிறேன். அன்று படித்தது. பையன்களின் பெயர், வயது, அப்பா பெயர், தெரு. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற பட்டியல். படித்துக்கொண்டிருக்கிறவர்களை விடுகிறார்கள், படிப்பு முடிந்தவர்களைக் குலுக்கிப் போட்டு எடுக்கிறார்கள், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கட்டின் நடுவில் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கம் ஒன்றை வெட்டி ஒட்டியிருந்தது, வேறு ஏதோ கல்லூரி, மூன்று பெயர்களின் அடியில் சிவப்புக் கோடு. ஏன் கோடு? ஒருவேளை அவனும் கால்பந்துப் பைத்தியமாக இருக்கலாம். அவன் தம்பி பெயராக இருக்கலாம். தெரியாமல் தாளோடு சேர்ந்து வந்திருக்கலாம்... எத்தனையோ இருக்கலாம். முப்பது காப்பியும் எடுத்துக் கொடுத்தேன், இரண்டு தாள் கோணிப்போயிற்று. பிரேமுக்குப் பரீட்சை முடிய இன்னும் இரண்டு மாதம்.

ஆட்டம் முடிந்த சனிக்கிழமை சாயங்காலம், உடம்பில் ஈரம்கூடக் காயவில்லை, ஊ தான் மவுங் தானே கடைக்கு வந்தார், சிரித்துக்கொண்டே வந்தார். டோ புஷ்பா, மூன்று வருஷக் கடனைத் தீர்க்கப்போகிறேன், உங்கள் மகன் பெயர், படம், வயது, தெரு, எதையும் விடப்போவதில்லை என்றார். பாவம், எனக்குச் சந்தோஷம் கொடுக்கத்தான் வந்தார். வேண்டாம் சயா என்றேன். வேடிக்கை என்று நினைத்தார். வேண்டாம், அவன் பெயர் வேண்டாம், படமும் வேண்டாம், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன் என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. ஏன் என்று கேட்கவில்லை, இந்த ஊரில் இப்போது யாரும் எதற்கும் காரணம் கேட்பதில்லை. அப்புறம் கோல் அடித்தது யார் என்று எழுதுவது, எடிட்டர் கேட்பாரே, கோப்பை ஜெயித்த ஆட்டத்தில் ‘ஒரு வீரர்’ என்று போட முடியுமா என்றார். எனக்கு அப்போது என்ன தோன்றியது? ஒன்றும் தோன்றவில்லை, அதுதான் உண்மை, என் பிள்ளை இல்லாமல் வேறு எதுவானாலும் சரி. யார் பெயரையாவது போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அவர் கையிலிருந்த அணிப் பட்டியலை ஒருமுறை பார்த்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். யார் பெயரையாவது. அந்த யாரோ ஒருவனுக்கும் வீடு இருக்கும், தெரு இருக்கும், பெற்றவள் இருப்பாள் என்று அந்த நிமிஷத்தில் எனக்குப் படவே இல்லை.

காலையில் பிரேம் படித்தான். அடுப்படி வாசலில் நின்றபடியே படித்தான், படித்துவிட்டு மறுபடியும் மேலேயிருந்து படித்தான். அவன் கோபப்படுவான் என்று பார்த்தேன், வழக்கமாக நானும் அவனும் சேர்ந்து திட்டுவோம், அதில் ஒரு குஷி உண்டு. அவன் திட்டவில்லை. "அம்மா, நாந்தானே அடிச்சேன்? நீங்க பாத்தீங்கல்ல?" என்றான். பாத்தேன்டா என்றேன். "அப்ப ஏம்மா இப்படிப் போட்ருக்கான்?" பேப்பர்காரன் நாசமாப் போவான் என்றேன், வாயில் பழகிய வார்த்தை, தானாக வந்தது, சொன்னபிறகு நெஞ்சில் வந்து இடித்தது. அடுத்த மாதம் ஒரு கிளப்பில் ஆள் எடுக்கிறார்கள், போகிற பையன்கள் பேப்பர் கட்டிங்கைக் கையில் கொண்டுபோவது வழக்கம், இவனிடம் இருப்பது ‘ஒரு வீரர்’ மட்டும். இந்த ஒரு தடவையாவது வரும் என்று நம்பியிருந்தான். "சயாவைப் போய்க் கேளுங்கம்மா. எப்பவும் கேப்பீங்கல்ல" என்றான். எத்தனையோ தடவை நானாகப் போய்ச் சண்டை போட்டிருக்கிறேன், அவன் போகச் சொன்னது இதுதான் முதல் தடவை. கேக்குறேன்டா என்றேன். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். அவனிடம் சொல்லியிருக்கலாமே, அவன் என்ன சின்னப் பிள்ளையா? சொன்னால் ஓடிப்போய் அஸ்கரிடம் சொல்வான், இரண்டு பேரும் ஊ தான் மவுங்கிடம் போவார்கள், நாளைக்கே திருத்தம் வரும், திருத்தத்தில் பிரேம் பெயர் வரும். பிள்ளையை நல்லவனாக வளர்த்ததற்கு இன்றைக்குத்தான் பயந்தேன்.

"என்னக்கா, இன்னும் சூடேறலியா?" என்கிறாள் நபீஸா. இன்னும் கொஞ்ச நேரம் என்கிறேன். அவள் துண்டைத் தடவித் தடவி நேராக்குகிறாள், மூலை மடங்கியிருந்தால் நகத்தால் நீவுகிறாள். "பெருசா வேணும்க்கா. கடை வாசல்ல மாட்டப்போறேன். போறவங்க வர்றவங்க பாக்கட்டும்." இவள் புருஷன் இக்பால் பாய் மௌத்தாகி ஐந்து வருஷம், இந்த ஐந்து வருஷத்தில் இவள் இப்படிப் பேசிக் கேட்டதில்லை. கடை வாசலில். வார்டு ஆபீஸுக்குப் போகிற ஆள் எல்லாம் நடக்கிற தெருவில். அஸ்கரும் கடைசி வருஷம்தான், அவனுக்கும் அதே இரண்டு மாதம்தான், இவளுக்கு அவனை விட்டால் யாரும் இல்லை. எனக்கு மேல் ஒரு வேலை பார்த்திருக்கிறது இந்தப் பத்திரிகை, மூன்று வருஷமாக ஒரு தகவலையும் சரியாகப் போடாத பத்திரிகை இந்தத் தடவை வயது, வகுப்பு, பேட்டை என்று ஒன்றைக்கூடத் தப்பாகப் போடவில்லை. தப்பாகப் போட்டிருக்கக் கூடாதா? சொல்லிவிடலாமா, வாசலில் மாட்டாதே நபீஸா, காலம் சரியில்லை என்று? ஏன் என்பாள். அந்தப் பட்டாளப் பட்டியலைச் சொல்ல வேண்டும். சொன்னால் சும்மா இருப்பவள் இல்லை அவள், இப்படியே எழுந்து பத்திரிகை ஆபீஸுக்குப் போவாள், என் மகன் அடிக்கவில்லை, அடித்தவன் பெயரைப் போடு என்று உட்கார்ந்துகொள்வாள். நான் அவளாக இருந்தால் அதைத்தான் செய்வேன்.

"வூட்ல ஒரு கூத்து கேளுங்கக்கா. நா அடிக்கல உம்மா, பேப்பர்ல தப்பாப் போட்டுட்டாங்கன்றான் இந்தப் பய. யாருடா அடிச்சதுன்னா வாயத் தொறக்க மாட்டேன்றான். கூச்சம்க்கா அவனுக்கு, அவங்க வாப்பா மாதிரியே." சிரிக்கிறாள். சிரிப்பு முடிந்தபிறகும் என்னையே பார்க்கிறாள். பச்சை விளக்கு எரிகிறது, மிஷின் தயார், நான் பார்க்காத மாதிரி இருக்கிறேன். "நீங்க போயிருந்தீங்கல்லக்கா? அஸ்கர்தானே அடிச்சான்?"

ஆமா, அஸ்கர்தான் என்கிறேன்.

அவள் முகத்தில் மிச்சமிருந்த சந்தேகம் போய்விட்டது, கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, நாசூக்குத் தெரிந்தவள் அல்லவா, என் பக்கமும் நினைத்துப் பார்க்கிறாள். "பிரேமும் நல்லாத்தான் ஆடுறான்னு சொல்றாங்கக்கா. மனசு விட்றாதீங்க. உங்க புள்ள படமும் இதே மாதிரி ஒரு நாளைக்கிப் பேப்பர்ல வரும். நா துஆ செய்யிறேன்." செய்யாதே என்று சொல்ல முடியுமா? துண்டைப் பெரிதாக எடுத்த தாளைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மிஷினுக்குள் தள்ளுகிறேன், அந்தப் பக்கம் அஸ்கர் மெதுவாக வெளியே வருகிறான், முதலில் கோப்பை, அப்புறம் நெற்றி, அப்புறம் சிரிப்பு, இருபத்தொன்று என்ற எண். வாசலில் மாட்டாதீங்க, உள்ளாற மாட்டுங்க, வெயில் பட்டா மங்கிடும் என்கிறேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். "மங்குனா என்னக்கா, வேற போட்டுக் குடுக்க நீங்க இருக்கீங்கல்ல" என்று சூடு ஆறாததை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படி இறங்குகிறாள். நான் நினைத்துக்கொண்டிருந்தேன், அவள் கேட்டபோது கொஞ்சமாவது தடுமாறினேன் என்று, நாக்கு புரளாமல் நின்றது என்று... இல்லை. அவள் கேட்டு முடிக்கும் முன்பே சொல்லிவிட்டேன்.