மீன்தலை ஐஸ்கிரீம்

ஓட்டல் சமையல்கட்டில் அவளுக்கு டிகிரி என்று பெயர். வைத்தவர் தலைமைச் சமையல்காரர். "டிகிரி, அந்த மீனை அலசு. டிகிரி, தொட்டியைக் கழுவு." குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள், அதுவும் சமையல் படிப்பு. படித்து முடித்துவிட்டுப் பின்கட்டுத் தொட்டியடியில் நின்று செதிள் சுரண்டிக்கொண்டிருந்தாள். அடுப்புப் பக்கம் அண்ட விடுவதில்லை. கேட்டால், "மீனு உனக்குக் குடும்பத் தொழிலாச்சே" என்று பல்லைக் காட்டுவார். அவள் அம்மாவுக்கு மீன் வெட்டும் ஆலையில் வேலை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

ஓட்டலில் போட்டி வைக்கப்போகிறார்கள் என்றதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். ஜெயித்தால் அடுப்படி வேலை. தோற்றால் தொட்டி. செய்ய வேண்டியது, யாரும் சாப்பிட்டிராத மீன் பண்டம்.

அவள் யோசித்துப் பிடித்தது மீன்தலை ஐஸ்கிரீம். இனிப்பில்லை, உப்பு. தலையையும் முள்ளையும் கருக வாட்டி, பாலில் ஊறப்போட்டு வடிகட்டி, மஞ்சள்கரு சேர்த்துக் கரண்டியில் ஒட்டும் பதம் வரும்வரை கிண்ட வேண்டும். சர்க்கரை இல்லாமல் உறைய வைத்தால் கல்லாகிவிடுகிறது. முதல் முறை குத்தியதில் கரண்டிதான் வளைந்தது. அப்புறம், அவ்வளவாக இனிக்காத குளுக்கோஸைப் போட்டு வழிக்குக் கொண்டுவந்தாள்.

ருசி பார்க்க அம்மாதான்.

"கவுச்சி அடிக்குதாம்மா?"

"துளிகூட இல்லடி. மீனு போட்டியா இல்லையான்னே சந்தேகமா இருக்கு."

"எனக்காகச் சொல்லாத."

"காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் மீனுக்குள்ளயே கெடக்குறேன். எனக்குத் தெரியாதா?"

அவளும் முகர்ந்து பார்த்தாள். ஒன்றுமே தெரியவில்லை. மீன் ஐஸ்கிரீமில் மீன் வாசமே வரவில்லை என்றால் என்ன பிழைப்பு? இன்னும் இரண்டு தலை போட்டாள். அப்போதும் அம்மா உதட்டைப் பிதுக்கி, "உப்பும் இன்னும் கொஞ்சம் போடு" என்றாள். அடுத்த முறை இரண்டையும் கூட்டினாள்.

போட்டியன்று ஓட்டலின் பெரிய கூடத்தில் நிற்க இடமில்லை. ஒருத்தர் மீனைச் சாக்லேட்டில் முக்கியிருந்தார். இன்னொருத்தர் மீன் தோலைச் சர்க்கரைப் பாகில் காய்ச்சி, கண்ணாடி மாதிரி நிறுத்தியிருந்தார். அதையெல்லாம் நடுவர்கள் தலையாட்டித் தின்றார்கள். டிகிரியின் கிண்ணம் வந்தது. வெள்ளை உருண்டை, மேலே மொறுமொறுவென்று பொரித்த மீன் செவுள். கூட்டம் 'ஆகா' என்றது. அவளுக்குக் காலில் தெம்பு வந்தது.

நடுவர் அம்மாள் ஒரு கரண்டி வாயில் வைத்தார். முதலில் முகத்தில் ஒன்றும் இல்லை. ஐஸ் கரைந்து நாக்கில் இறங்கியதும் காகிதத்தை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்த நடுவர் தண்ணீரைத் தேடினார்.

"ஏம்மா, வேற யாருக்காவது குடுத்துப் பாத்தியா?" என்றார் நடுவர் அம்மாள்.

டிகிரி கூட்டத்தைப் பார்த்தாள். மூன்றாவது வரிசையில் அம்மா, புதுத்துணி உடுத்தி, தலை வாரி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி காலி. அந்தப் பக்கம் இரண்டு காலி. சுவரோரம் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

அம்மா அன்று காலையில் சோப்பு தேயத் தேயக் குளித்திருந்தாள். பக்கத்தில் நின்றுதான் டிகிரி அவளுக்குத் தலை வாரிவிட்டாள். ஒரு வாசனையும் தெரியவில்லை.

அம்மாவின் மூக்கு என்றைக்கோ செத்துப்போயிருக்கிறது. அவள் மடியில் வளர்ந்து, தொட்டியடியில் நிற்கும் தன் மூக்கும்தான்.

பதில் சொல்லுமுன் அம்மா எழுந்துவிட்டாள். "நான்தாங்க பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. வாசனையே வரல."

கூடம் கொல்லென்று சிரித்தது. பாராட்டுகிறார்கள் என்று நினைத்து அம்மாவும் சிரித்தாள். தலைமைச் சமையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டிகிரி, நாளைக்குச் சீக்கிரம் வந்துரு. பெரிய மீனு வருது" என்றார். அந்தக் கிண்ணத்தை அவர் தலையில் கவிழ்த்துவிடலாம் போலிருந்தது. கவிழ்க்கவில்லை. தொட்டியடி வேலையும் போனால் வீட்டில் உலை வைப்பது யார்?

பஸ்ஸில் அம்மா மிச்ச ஐஸ்கிரீம் டப்பாவை மடியில் வைத்திருந்தாள்.

"எதுலடி தப்பு போச்சு?"

சொல்லிவிட நாக்கு துடித்தது. அம்மாவின் கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் எவ்வளவு தேய்த்தாலும் போகாத வெள்ளைச் செதிள்.

"உப்பும்மா. கூடிப்போச்சு."

"ஐயோ, இன்னும் கொஞ்சம் போடுன்னு நான்தானே சொன்னேன்! என் வாய்தான் உன்னைக் கெடுத்துடுச்சு." அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். டிகிரியால் அதையும் மறுக்க முடியவில்லை.

முன்சீட்டுக்காரர் திரும்பி இருவரையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு எழுந்து ஜன்னல் கண்ணாடியை முழுக்கத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார்.

"நல்ல மனுஷன்" என்றாள் அம்மா. "காத்து எப்படி வருது பாரு."