உள்ளங்கை இங்கிலீஷ்

இந்துப்ரியா அன்று காலை இன்டர்வியூவுக்குக் கிளம்பினாள். சென்னைக் கால்சென்டர் ஒன்று மதுரைக்கு வந்து ஓட்டலில் ரூம் போட்டு ஆள் எடுத்த இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் அது. அவளோ ஏற்கெனவே இரண்டு இன்டர்வியூவில் இங்கிலீஷால் கோட்டை விட்டவள். "இதுவும் போச்சுன்னா பரமக்குடி மாப்பிள்ளை வீட்டுக்குச் சரின்னு சொல்லிருவேன்" என்று அப்பா ராமமூர்த்தி கறாராகச் சொல்லிவிட்டார். அந்த மாப்பிள்ளையை அவளுக்கு அறவே பிடிக்கவில்லை.

ஒத்தக்கடை ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் உயிரைக் கொடுத்துத்தான் படித்தாள். ஆனால் 'லுக்' என்ற ஒரே சொல், பின்னால் 'ஆஃப்டர்' வந்தால் பராமரிப்பதாம், 'ஃபார்' வந்தால் தேடுவதாம், 'இன்டு' வந்தால் விசாரிப்பதாம். இந்தக் கூத்தைக் கண்டுபிடித்தவனுக்கு வேறு சோலியே இருந்திருக்காது. வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ் என்று தடையில்லாமல் ஓடுகிற நாக்கு, இங்கிலீஷ் என்றால் மட்டும் மேல்வாயில் ஒட்டிக்கொள்ளும். கடைசியில், குழப்புகிற சொற்களையெல்லாம் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஓட்டல் வராந்தாவில் காத்திருந்தபோது, துணைக்கு வந்த பெரியப்பா மகள் ரம்யாஸ்ரீயிடம் சௌராஷ்டிரத்தில் புலம்பினாள். பஸ்ஸிலும் கடையிலும் ரகசியம் பேச அவர்களுக்கு அந்த மொழிதான். மற்றவர்களுக்குப் புரியாது என்று, பக்கத்தில் யார் நின்றாலும் கவலைப்பட மாட்டார்கள்.

"கையெல்லாம் வேர்க்குதுடி. எழுதினது அழிஞ்சாலும் செத்தேன், எவனாவது பார்த்தாலும் செத்தேன். அந்தா போறான் பாரு கோட்டுக்காரன், வெளக்கெண்ணெய் குடிச்ச மூஞ்சி. அவன்கிட்ட மட்டும் மாட்டவே கூடாது."

கோட்டுக்காரர் ஒரு நொடி நின்றார். பிறகு உள்ளே போய்விட்டார்.

பெயரைக் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் அவரேதான் இருந்தார். பக்கத்தில் ஒரு வடநாட்டு அம்மாள். இந்துப்ரியா உட்கார்ந்ததும் கோட்டுக்காரர் நிதானமாக, அட்சரம் பிசகாத சௌராஷ்டிரத்தில் சொன்னார்: "மொதல்ல கையைத் தொடை. வெளியே அந்தப் பொண்ணுகிட்ட சொன்னியே, அதை இந்த அம்மாவுக்கு இங்கிலீஷ்ல சொல்லு."

அவள் கையைத் துடைத்தாள். எழுந்து ஓடிவிடலாமா என்று கதவைப் பார்த்தாள். ஓடினால் நேரே பரமக்குடிதான். வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தாள். கையில் எழுதியதை, இரண்டு இடத்தில் தோற்றதை, அந்த மாப்பிள்ளையைப் பிடிக்காததை, எல்லாவற்றையும் திக்கித் திக்கி இங்கிலீஷில் கொட்டினாள். சொல் சரியா தப்பா என்று பார்க்க அவளுக்கு நேரமில்லை.

"ஒண்ணை விட்டுட்டியே" என்றார் அவர்.

தலையைக் குனிந்துகொண்டு அதையும் சொன்னாள். விளக்கெண்ணெய்க்கு இங்கிலீஷ் தெரியாததால், வயிறு சுத்தமாவதற்குக் குடிக்கிற எண்ணெய், குடித்தவர் முகம் இப்படி ஆகும் என்று நடித்தும் காட்டினாள்.

அம்மாள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கோட்டுக்காரர் சிரிக்கவில்லை. "அடுத்த மாசம் சென்னைக்கு வந்துரு. வேலை ஒனக்குத்தான்" என்றார், அதே மூஞ்சியோடு.

அவள் வெளியே வந்தாள். ரம்யாஸ்ரீ ஓடிவந்து, "என்னடி ஆச்சு, கெடைச்சுதா?" என்று சௌராஷ்டிரத்தில் கேட்டாள். இந்துப்ரியா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தலையை மட்டும் ஆட்டினாள்.