ஒற்று மிகாத அறை

எங்கள் மாடி அறையில் தொலைக்காட்சி வைப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க, வாடகை அறைகள் ஆணையகம் பதினோரு நாள் அவகாசம் அளித்திருந்தது. முடிவெடுக்கப்படாத அறைகளுக்குப் பன்னிரண்டாம் நாள் கதவு இருப்பதில்லை. கும்பகோணத்தில் இது எல்லோரும் அறிந்ததே.

நவக்கிரகக் கோயில்களைச் சுற்ற வருகிறவர்கள் அந்த அறையில் ஓரிரு நாள் தங்கிச் செல்வார்கள். ஒரு கட்டில், ஒரு மேசை, தெருவைப் பார்த்த ஒரு சன்னல். வேறொன்றும் அதில் இல்லை.

என் மனைவி நீலாயதாட்சிக்குத் தொலைக்காட்சியில் உடன்பாடில்லை.

"டிவி வெச்சா வர்றவங்க கதவைச் சாத்திக்குவாங்க."

"வெக்காட்டி வரவே மாட்டாங்க," என்றேன்.

"வர்றவங்க வரட்டுமே. காபி குடுக்கப் போனா நாலு வார்த்தை பேசலாம்."

"ஒம்பது கோயில் சுத்திட்டு வந்து உன்கிட்ட என்னத்தப் பேசுவாங்க?"

"அவங்க ஏன் பேசணும்? நான் பேசுறேன்."

செய்தித்தாளை விலக்காமலேயே இதைக் கேட்டுக்கொண்டேன்.

பதினோராம் நாள் படிவத்தை நானே நிரப்பினேன். அதில் ஒரே வரிதான் இருந்தது: 'அறையில் வைக்கப்படுவது'. நான் 'தொலைகாட்சி' என்று எழுதினேன். அவசரத்தில் ஓர் ஒற்று விடுபட்டது.

மறுநாள் ஆணையகத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். பெட்டி எதையும் கொண்டுவரவில்லை. மேசையைச் சுவரோரம் நகர்த்தி, அதன்மேல் ஒரு திண்டை வைத்து, உயரம் அளந்தார்கள். மூத்தவர் உத்தரவைப் படித்தார்.

"க் என்னும் ஒற்று மிகாமையால் இச்சொல் வினைத்தொகை எனக் கொள்ளப்படுகிறது. தொலைந்த காட்சி, தொலைகின்ற காட்சி, தொலையும் காட்சி ஆகிய மூன்று காலத்துக்கும் அனுமதி வழங்கப்படுகிறது."

பிறகு என்னைப் பார்த்தார். "வீட்ல தொலையுற மாதிரி யாரு சார் இருக்காங்க?"

நான் யோசித்தேன். நான் யோசித்து முடிப்பதற்குள் நீலா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மேசைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான்," என்றாள்.

"பேரும்மா?"

"நீலாயதாட்சி."

"பாதிக் காட்சி பேர்லயே இருக்கு. பொருந்தும்." அவர் எழுதிக்கொண்டார். குளிர்பதனப் பெட்டியின் பயன்பாட்டை விளக்குவதுபோல எனக்கு விளக்கினார். "ஆளு உக்காந்து பார்க்கிற வரைக்கும் ஒண்ணும் ஆகாது. பார்க்க ஆளில்லாத நேரத்துல கொஞ்சம் கொஞ்சமா போவாங்க. பயப்படாதீங்க சார். எல்லா வீட்லயும் உள்ளதுதான்."

முதலில் திருப்பூரிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கட்டிலில் அருகருகே அமர்ந்து நீலாவைப் பார்த்தார்கள். ஏழாம் வகுப்புப் படிக்கும்போது வீட்டில் யாரிடமும் சொல்லாமல், மீன்கூடைக்காரப் பெண்களோடு நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்தே போன கதையை அவள் சொன்னாள்.

"வேற சேனல் இருக்குங்களா?" என்று கணவர் கேட்டார்.

"இருக்கு." நீலா திண்டின்மேல் சற்றுத் திரும்பி உட்கார்ந்து, ஒரு பசுமாட்டுக்காக அவளுடைய சித்தப்பா பதினாறு ஆண்டுகள் நடத்திய வழக்கைத் தொடங்கினாள்.

அவர்கள் ஒரு நாள் கூடுதலாகத் தங்கினார்கள். திருநள்ளாற்றுக்குப் போகவில்லை.

"சனீஸ்வரன் கோவிச்சுக்க மாட்டாருங்களா?" என்று அந்த அம்மாள் கேட்டது படிக்கட்டு வரை கேட்டது.

"அவரு இருப்பாரு. எப்படியும் நம்மளை விடப்போறதில்ல. தீர்ப்பு என்னாச்சுன்னு கேளு," என்றார் கணவர்.

கீழே இருந்தபடி அவர்கள் சிரிப்பதைக் கேட்டேன். வேளாங்கண்ணிக்கு நடந்த கதை எனக்குத் தெரியாது. முப்பத்தோரு ஆண்டுகளில் அது என்னிடம் சொல்லப்படவே இல்லையா என்று யோசித்தேன். சொல்லப்பட்டிருக்கும் என்றே தோன்றியது.

ஐப்பசி மழையில் யாரும் வரவில்லை.

முதலில் அவளுடைய இடது தோடு தொலைந்தது. அடுத்துப் புடவையின் கரை. அதற்கடுத்த வாரம் இடது முழங்கை. முழங்கைக்குக் கீழே இருந்த கை வழக்கம்போல அசைந்தது. நான் வேளாவேளைக்குச் சாப்பாடு கொண்டுபோய் வைத்துவிட்டு இறங்கிவிடுவேன். அது பார்த்ததாகக் கணக்கில் வரவில்லை.

"ஏங்க, என் கால் சுண்டுவிரல் கட்டிலுக்கடியில கிடக்கா பாருங்க."

குனிந்து பார்த்தேன். "இல்ல."

"போகட்டும். அது எப்பவும் கதவுல இடிச்சுக்கிட்டே இருந்துச்சு."

அவள் சிரித்தாள். சிரிப்பில் ஓர் ஓரம் இல்லை. அன்றே குடையை எடுத்துக்கொண்டு ஆணையகத்துக்குப் புறப்பட்டேன்.

அங்குள்ள தாழ்வாரம், வருகிறவர் தயங்கும்போதெல்லாம் ஒரு பெஞ்சளவு நீளும். நான் பதினான்கு பெஞ்சுகளைக் கடந்தேன். கடைசி மேசையில் அங்கயற்கண்ணி என்ற இளம் அலுவலர் எங்கள் கோப்பை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"க் எங்க சார்?"

"விட்டுப்போச்சுங்க."

"ஒரு க்கை விட்டுட்டு ஒரு அம்மாவ மேஜை மேல ஏத்தி வெச்சிருக்கீங்க."

"அவளாதான் ஏறினா."

"வர்றவங்க எல்லாரும் இதத்தான் சொல்றீங்க."

அவர் இழுப்பறையிலிருந்து ஒரு க்கை எடுத்து, கோயிலில் குங்குமம் மடிப்பதுபோலத் தாளில் மடித்துக் கொடுத்தார்.

"நனையாம கொண்டுபோங்க. புள்ளி விழுந்துட்டா தொலைககாட்சின்னு ஆயிடும். அது என்னான்னு எங்களுக்கே தெரியாது."

"இதைப் போட்டா அவ இறங்கிடுவாளா?"

"இறங்கிடுவாங்க. அவங்க இடத்துக்குப் பெட்டி வந்துடும். நாப்பத்திமூணு இஞ்சு."

"தொலைஞ்சதெல்லாம்?"

"வராது சார். தொலையுறது நிக்கும், அவ்வளவுதான்."

"அவ பேசிக்கிட்டிருக்கிறது?"

அங்கயற்கண்ணி விதிப்புத்தகத்தை வெகுநேரம் புரட்டினார். பிறகு மென்மையாகச் சொன்னார். "பெட்டி பேசும்ல சார்."

மடிப்பைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வீடு திரும்பினேன். மாடியில் பேச்சுக்குரல் கேட்டது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று மகிழ்ந்து, படியேறிப் பார்த்தேன். கட்டில் காலியாக இருந்தது.

"யார்கிட்ட பேசுற?"

"கட்டில்கிட்ட. நல்லாத்தான் கேக்குது. ஆனா அதைக் கணக்குல எடுக்க மாட்டேங்குறாங்க. இப்பகூட ஒரு புருவம் போயிடுச்சு."

"க் வாங்கிட்டு வந்துட்டேன் நீலா."

நான் சட்டைக்குள்ளிருந்து எடுத்த மடிப்பை அவள் பார்த்தாள். "போட்டா?"

"நீ இறங்கிக் கீழ வரலாம்."

"கீழ வந்து?"

படிவத்தில் அதற்கு வரி இல்லை.

"போடாதீங்க," என்றாள். "இப்பதான் நான் ஒரு விஷயத்த முழுசா சொல்லி முடிக்கிறேன். அதுக்குள்ள இறங்கச் சொல்லாதீங்க."

"போடலன்னா நீ போயிடுவ."

"ஆள் இருந்தா போக மாட்டேன்ல?"

சன்னல் திறந்திருந்தது. மடிப்பை அதன் விளிம்பில் வைத்தேன். மழை அதை எடுத்துக்கொண்டது.

கீழே இறங்கினேன். மாற்றுத்துணியும் பல்துலக்கியும் ஒரு பையில் வைத்தேன். அடுப்பை அணைத்தேன். விருந்தினர் பதிவேட்டைத் திறந்து என் பெயரை எழுதினேன். முகவரிக்கு எங்கள் முகவரியையே எழுதினேன். 'வருகையின் நோக்கம்' என்ற இடத்தில் 'பார்க்க' என்று எழுதினேன். எத்தனை நாள் என்ற இடத்தை விட்டுவைத்தேன். பிறகு மாடியேறிக் கதவைத் தட்டினேன்.

"யாரது?"

"ரூம் இருக்குங்களா?"

"எத்தனை பேரு?"

"ஒருத்தர்தான்."

"டிவி கிடையாது. பரவால்லையா?"

"பரவால்லைங்க."

"அப்ப உள்ள வாங்க."

பையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலில் அவளுக்கு நேரெதிராக அமர்ந்தேன். அவள் எஞ்சியிருந்த ஒரு புருவத்தை உயர்த்தி என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"எங்கேருந்து வர்றீங்க?"

"கீழேருந்து."

"ரொம்ப தூரந்தான்." அவள் புடவையைச் சரிசெய்துகொண்டாள். "அப்ப எனக்கு இருவத்திரெண்டு வயசு. ஒருத்தர் என்னைப் பொண்ணு பார்க்க வந்தாரு. நீலக்கலர் சட்டை. நான் வந்து நின்னது, நமஸ்காரம் பண்ணினது, உள்ள போனது எல்லாம் ஆச்சு. அந்த மனுஷன் குனிஞ்சு கேசரியையே பார்த்துக்கிட்டு இருந்தாரு."

"அப்புறம்?" என்று கேட்டேன்.

"அவசரப்படாதீங்க," என்றாள் நீலா. "இப்பதானே ரூமே எடுத்திருக்கீங்க."