நிதர்சனாவின் கடைசிச் சித்திரம்

முகாமை விட்டு வெளியே போவதற்கான பாஸ் வாங்குவதற்கே அற்புதம் இரண்டு முறை அலையவேண்டியிருந்தது. முகாம் வாசலில் இருந்த அலுவலர், "என்னத்துக்கு ரவுனுக்குப் போகவேணும்?" என்று கேட்டார்.

"படம் பாக்க."

அவர் சினிமா என்று நினைத்துச் சிரித்தார்.

"சினிமா இல்லை ஐயா, சித்திரக் கண்காட்சி. என்ர மகள் கீறின படமும் வைக்கினமாம்."

அவர் சிரிப்பை நிறுத்தி, பொழுதுபடமுன் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லி முத்திரை குத்திக் கொடுத்தார்.

அது இரண்டாயிரமாம் ஆண்டு ஆவணி மாதம். முள்ளிவாய்க்காலில் இருந்து வெளிக்கிட்டு, புதுக்குடியிருப்பில் தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே கிடந்து, இன்னும் எங்கெங்கோ இழுபட்டு, அற்புதத்தின் குடும்பம் வவுனியா முகாமுக்கு வந்து ஒன்றரை வருடமாகியிருந்தது. ஊரில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போன கணவன் யோசெப் இப்போது ஒரு அரிசி ஆலையில் மூட்டை சுமந்தான். மகள் நிதர்சனாவுக்குப் பத்து வயது. அவளுக்குப் பின்னால் பிறந்த டிலக்ஸன் புதுக்குடியிருப்புத் தறப்பாளுக்குள்ளேயே மலேரியாக் காய்ச்சலில் போய்விட்டான். அப்போது அவனுக்கு நான்கு வயதுகூட நிரம்பவில்லை.

பொங்கல் கழிந்த கையோடு முகாமுக்கு ஒரு ஓவியர் வந்திருந்தார். பெயர் கதிர்காமநாதன். யாழ்ப்பாணத்தில் பிறந்து கொழும்பில் இருப்பவர். உதவி நிறுவனம் ஒன்றில் வேலை செய்யும் தில்லைநாதன் அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தான். தகரக் கொட்டிலில் பிள்ளைகளை இருத்தி, ஆளுக்கு ஒரு தாளும் பஸ்ரல் வண்ணக் கட்டிகளும் கொடுத்து, "உங்கட ஊரைக் கீறுங்கோ" என்றார் ஓவியர்.

நிதர்சனா கடலைக் கீறினாள். கடலில் ஒரு வள்ளம். வள்ளத்தில் நாலு பேர்: அப்பா, சிவப்புச் சட்டை போட்ட அம்மா, இரட்டைப் பின்னலோடு அவள், வள்ளத்தின் பின்முனையில், பின்னணியத்தில், கையைத் தூக்கிக்கொண்டு டிலக்ஸன். வள்ளத்தைவிடப் பெரிதாக ஒரு இறால். கீழே மூலையில் முழுப்பெயரையும் எழுதினாள். ஓவியர் அந்தப் படத்தைக் கையில் எடுத்துக் கனநேரம் பார்த்தார். "இதை நான் கொண்டு போறன் பிள்ளை. கண்காட்சியிலை வைப்பன்" என்றார்.

அன்றிலிருந்து நிதர்சனா கண்காட்சி எப்போது என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள். முகாம் அலுவலகமான கந்தோரின் சுவரில் அறிவித்தல் ஒட்டியிருப்பதைக் கண்டு ஓடிவந்து சொன்னவளும் அவள்தான்.

தாயும் மகளும் புறப்பட்டபோது பக்கத்துக் கொட்டில் கமலாட்சியும் கூட வந்தாள். கனகராயன்குளத்தில் வயல் செய்த மனுசி. மனதில் பட்டதை வாயில் வைத்திருக்கத் தெரியாதவள்.

கலியாண மண்டபம் ஒன்றில்தான் கதிர்காமநாதனின் கண்காட்சி. காலையில் நாடா வெட்டித் திறந்திருந்தார்கள். கொழும்பிலிருந்து வந்த விருந்தாளிகள் குளிர்பானக் குவளைகளோடு உள்ளே நின்றார்கள். வெள்ளைக்காரப் பெண்ணொருத்தி கழுத்தில் கமெராவோடு திரிந்தாள். முகாமிலிருந்து வந்தவர்கள் என்று இவர்கள் மூவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

முதலில் இருந்தது முள்ளுக்கம்பி. கிழிந்த சீமெந்துப் பையின் மேல் முள்ளுக்கம்பியைச் சுற்றிச் சட்டம் போட்டிருந்தார்கள்.

"இதென்னடி பிள்ளை, எங்கட முகாம் வேலியைக் கொண்டந்து கொழுவியிருக்கு" என்றாள் கமலாட்சி. "இதைப் பாக்கவோ பாஸ் எடுத்து வந்தனாங்கள்?"

அடுத்தது முகமில்லாத ஒரு பெண், மூன்று மார்போடு. கமலாட்சி நிதர்சனாவின் கண்ணைப் பொத்தினாள். அதற்கப்பால் ஒரு பலகை நிறையப் பழைய செருப்புகளை ஆணியடித்து, 'அகதிகள்' என்று பெயர் எழுதியிருந்தது. ஊதா நிறத்தில் ஒரு நெல் வயல் வந்தபோது கமலாட்சி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"ஊதா நெல்லு எங்கையடி விளையுது?"

"அவருக்கு அப்பிடித் தெரிஞ்சிருக்கு அக்கா. சத்தமாய்க் கதையாதையுங்கோ."

அற்புதத்துக்கும் அந்தப் படங்கள் விளங்கவில்லை. ஆனால் மூலையில் இருந்த ஒன்றின் முன்னால் அவள் கால் நின்றுவிட்டது. முழுவதும் சாம்பல் நிறம். வேறொன்றும் இல்லை. நடுவில் மட்டும் மெல்லிய வெளிச்சக் கோடு ஒன்று, கொஞ்சம் கோணலாக ஓடியது. விடியப்போகும் நேரத்தில் கரையில் நின்று யோசெப்பின் வள்ளம் வருகிறதா என்று பார்க்கும்போது, கடலையும் வானத்தையும் பிரித்து முதலில் தெரியும் கோடு அதுதான். இந்த மனுசனுக்கு இது எப்படித் தெரிந்தது? அவர்மேல் ஒரு மரியாதை வந்தது. மகளின் படம் இப்படிப்பட்ட ஒருவரின் கையில் போய்ச் சேர்ந்ததை நினைக்கச் சந்தோசமாகவும் இருந்தது.

"அம்மா!" தடுப்புக்கு அங்காலிருந்து நிதர்சனா கூப்பிட்டாள். "அம்மா, என்ர படத்தை எரிச்சிருக்கு!"

அற்புதம் சுற்றிப் போய்ப் பார்த்தாள். ஆள் உயரத்துக்கு ஒரு கன்வஸ், கரிக்கறுப்பு. அதன் நடுவில் நிதர்சனாவின் தாள் ஒட்டப்பட்டிருந்தது. ஓரங்களை நெருப்பில் பிடித்துக் கருக்கியிருந்தார்கள். மேலிருந்து சிவப்புப் பெயின்ற் தாரை தாரையாக வழிந்து கடலின் மேல் விழுந்திருந்தது. யோசெப் தெரிந்தான். அவளும் நிதர்சனாவும் பாதி தெரிந்தார்கள். பின்னணியத்தில் சிவப்பு கட்டியாய் உறைந்து கிடந்தது. டிலக்ஸன் இல்லை. ஒரு சின்னக் கால் மட்டும் பெயின்றுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்தது.

நிதர்சனா கீழே இருந்த அட்டையைப் பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல் சத்தமாக வாசித்தாள்.

"கடைசிச் சித்திரம். நிதர்சனா, ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூறு தொடக்கம் இரண்டாயிரம் வரை. எறிகணை வீச்சில் பலியான சிறுமி ஒருத்தி இறுதியாக வரைந்தது."

அவள் திரும்பித் தாயைப் பார்த்தாள்.

"நான் செத்துப்போனனானோ அம்மா?"

அற்புதம் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு மகளின் தலையிலும் நெற்றியிலும் கையை வைத்துத் தடவினாள், காய்ச்சல் பார்ப்பதுபோல. முதலில் வந்தது பயம். கொஞ்சத்தில் அது பயமாக இல்லை.

"ஆர் இதை எழுதினது?" என்று அவள் கேட்ட சத்தத்துக்கு மண்டபம் திரும்பிப் பார்த்தது.

தில்லைநாதன் ஓடிவந்தான். "அக்கா, மெல்லமாய். விருந்தாளியள் நிக்கினம்."

"இதை வாசிச்சுப் பாருங்கோ தம்பி. இவள் ஆரெண்டு தெரியுதோ?"

தில்லைநாதன் அட்டையைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான். அவன் முகம் வெளிறியது. அதற்குள் கதிர்காமநாதனும் வந்துவிட்டார். வெள்ளைத் தாடி, தோளில் துணிப்பை. நிதர்சனாவை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"என்ன பிரச்சினை?"

"இவள்தான் நிதர்சனா" என்றாள் அற்புதம். "நீங்கள் சாகடிச்ச பிள்ளை."

அவர் ஒருகணம் திகைத்தார். பிறகு புன்னகைக்கப் பார்த்தார். "அம்மா, நீங்கள் பிழையாய் விளங்கிக்கொண்டுட்டியள். இது குறியீடு. ஒரு தனிப் பிள்ளையைப் பற்றினதில்லை. வன்னியிலை செத்த எல்லாப் பிள்ளையளுக்குமாய்..."

"அப்ப ஏன் இவளின்ர பேர்?"

"படத்திலை இருந்த பேர். ஒரு பேர் இருந்தால்தான் பாக்கிற ஆக்களின்ர மனசிலை தைக்கும்."

"ஆரின்ர மனசிலை தைக்க?" அற்புதத்தின் குரல் ஏறியது. "எங்கட சனம் சாகேல்லை எண்டோ நீங்கள் சாக்காட்டுக்கு ஆள் தேடினது? எனக்கு ஒரு பிள்ளை செத்ததுதான். எறிகணையிலை இல்லை, காய்ச்சலிலை. வாகனமும் இல்லை, மருந்தும் இல்லை. என்ர மடியிலை கிடந்து செத்தவன். அவனைத்தான் இவள் பின்னணியத்திலை கீறிவிட்டவள். இஞ்ச பாருங்கோ, இந்தக் கால் அவன்ர. உயிரோடை இருக்கிறவளைச் சாகடிச்சு, செத்தவனை அழிச்சுப்போட்டு நிக்கிறியள்."

கதிர்காமநாதன் கிட்டப் போய் அந்தக் காலைப் பார்த்தார். அதை இப்போதுதான் காண்கிறார் என்று முகத்தில் தெரிந்தது.

"எனக்குத் தெரியாது" என்றார்.

"கேட்டிருக்கலாமே? பிள்ளை பக்கத்திலைதானே இருந்தவள். இது ஆர், அது ஆர் எண்டு ஒரு வார்த்தை கேட்டனீரோ?"

'நீங்கள்' போய் 'நீர்' வந்துவிட்டதை அவள் கவனிக்கவில்லை. அவர் கவனித்தார். அவருக்கும் கோபம் வந்தது.

"சரி, அட்டையைக் கழட்டுறன். அதோடை விடுங்கோ."

"படத்தைத் தாரும்."

"அது கன்வஸோடை ஒட்டினது. எடுக்கேலாது. எடுத்தால் என்ர வேலை செத்துப்போயிடும்."

"உம்மட வேலை சாகக்கூடாது. என்ர பிள்ளை சாகலாமோ?"

விருந்தாளிகளில் யாரோ இருமினார்கள். வெள்ளைக்காரப் பெண் கமெராவைத் தூக்கினாள். கமலாட்சி போய் அதன் முன்னால் சேலைத் தலைப்பை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இதையும் கொண்டுபோய்க் கொழுவப் போறியளோ? எடுக்காதை, சொல்லிப்போட்டன்!"

தில்லைநாதன் அற்புதத்தின் காதருகே வந்தான். "அக்கா, உங்கட நன்மைக்குத்தான் சொல்லுறன். கந்தோருக்குத் தெரிஞ்சால் பாஸ் தரமாட்டினம். யோசெப்பண்ணை வேலைக்குப் போகவேணும். யோசிச்சுக்கொள்ளுங்கோ."

அற்புதம் யோசித்தாள். உண்மையாகவே ஒருகணம் யோசித்தாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடலாம் என்றுகூட நினைத்தாள். அப்போதுதான் கதிர்காமநாதன், சண்டை முடிந்துவிட்டது என்ற எண்ணத்திலோ என்னவோ, இறங்கின குரலில் சொன்னார்:

"நீங்கள் ஆக்கள் வந்து பாப்பியள் எண்டு நான் நினைக்கேல்லை அம்மா."

அவர் அதை மன்னிப்பாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். அற்புதத்துக்கு அது கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. இந்த மண்டபம், முள்ளுக்கம்பி, செருப்பு, எல்லாம் தங்களைப் பற்றியது. ஆனால் தாங்கள் பார்ப்பதற்கில்லை. அந்தச் சாம்பல் கடல்கூட.

வாசல் மேசையில், காலையில் நாடா வெட்டிய கத்தரிக்கோல் பூத்தட்டில் கிடந்தது. அவள் போய் அதை எடுத்துக்கொண்டு வந்தாள். யாரும் தடுக்கவில்லை, என்ன செய்யப்போகிறாள் என்று யாருக்கும் விளங்கவில்லை. தாளின் மேல்மூலையை ஒட்டிக் கன்வஸில் நுனியைக் குத்தி இறக்கினாள். துணி கரகரவென்று கிழிந்தது.

"ஐயோ, என்ன செய்யிறீர்?" கதிர்காமநாதன் பாய்ந்து அவளுடைய கையைப் பிடித்தார்.

"கையை விடு!" என்றாள். இப்போது 'நீ'.

அவர் கையை விட்டுவிட்டார். அற்புதம் ஒரு பக்கம் வெட்டி, கீழ்ப்பக்கம் வெட்டி, தடித்த பெயின்றில் கத்தரி சிக்கியபோது பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து, நாலு பக்கமும் வெட்டித் தாளைக் கன்வஸ் துண்டோடு வெளியே எடுத்தாள். கறுப்புப் படத்தின் நடுவில் ஓட்டை விழுந்து பின்சுவரின் மஞ்சள் தெரிந்தது. போகிற போக்கில் அட்டையையும் பிடுங்கி, நாலாய்க் கிழித்துத் தில்லைநாதனின் கையில் வைத்தாள்.

பஸ்ஸில் கமலாட்சிதான் வழிநெடுக ஏசிக்கொண்டு வந்தாள், ஊதா நெல்லையும் சேர்த்து.

யோசெப் அன்று மாலை முதலில் மனைவிமேல்தான் பாய்ந்தான். "பாஸை மறிச்சால் என்னத்தைத் தின்னுறது? ஒரு கடதாசிக்காகவோ?" என்று கத்தினான். அவள் அந்தத் துண்டை அவனுடைய மடியில் வைத்தாள். அவன் சிவப்புக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த காலைக் கண்டான். பிறகு கத்தவில்லை.

அடுத்த நாள் விளக்கிலிருந்து கொஞ்சம் மண்ணெண்ணெய் எடுத்துத் துணியில் நனைத்து, பெயின்றைத் துடைத்துப் பார்த்தான். சிவப்பு இளகி வந்தது. ஆனால் அதோடு பஸ்ரலும் வந்தது. துணியில் சிவப்போடு கொஞ்சம் நீலம், டிலக்ஸனின் சட்டை நீலம், ஒட்டியிருந்தது. யோசெப் கையை நிறுத்திவிட்டு, அந்தத் துணியை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்துக்கொண்டு இருந்தான். "நான் திருப்பிக் கீறித் தாறன் அப்பா" என்றாள் நிதர்சனா. ஆனால் கீறவில்லை. பஸ்ரல் இல்லை என்று முதலில் சொன்னாள். கமலாட்சி எங்கேயோ வாங்கிக் கொடுத்த பிறகும் கீறவில்லை.

பாஸ் நின்றது. யோசெப்புக்கு ஆலை வேலை போனது. அந்த மாரி முழுக்க அவர்கள் நிவாரண அரிசியில் காலம் தள்ளினார்கள்.

தை பிறந்த பிறகு ஒருநாள் தில்லைநாதன் வந்தான். வாசலில் நின்றே பேசினான். கதிர்காமநாதன் அந்தப் படத்தை, ஓட்டையோடு அப்படியே, கொழும்பில் வைக்க விரும்புகிறாராம். பேர், சாவு ஒன்றும் எழுதமாட்டாராம். உங்களிடம் கேட்டுவிட்டுத்தான் வைப்பேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாராம்.

"இப்பவாவது கேட்கத் தெரிஞ்சுதே" என்றாள் அற்புதம். "வைக்கச் சொல்லுங்கோ. ஆனால் கீழை ஒரு அட்டை எழுதவேணும்."

"என்னண்டு?"

"இந்தப் படத்திலை இருந்த பிள்ளை உயிரோடை இருக்கிறாள். செத்துப்போனாள் எண்டு நான் பொய் எழுதினபடியால் தாய் வந்து வெட்டி எடுத்தவள். அப்பிடி. கீழை அவரின்ர பேரை வைக்கச் சொல்லுங்கோ."

தில்லைநாதன் தலையைச் சொறிந்தான். "அவர் அப்பிடி எழுதமாட்டார் அக்கா. வேறை மாதிரி, கொஞ்சம் நாகரிகமாய்..."

"அப்ப என்னத்துக்குத் தம்பி என்னட்டைக் கேட்க வந்தனீங்கள்?"

தில்லைநாதன் திரும்பி ஜீப்பை நோக்கி நடந்தான். அற்புதம் அவன் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. அடுப்பில் உலை பொங்கி வழிந்து நெருப்பு அணையப் பார்த்தது. அவள் உள்ளே போய் மூடியைத் திறந்துவிட்டு, அகப்பைக் காம்பால் விறகைத் தள்ளிக்கொண்டே, "கேட்க வந்திட்டார், கேட்க" என்று தனக்குள் ஏசிக்கொண்டிருந்தாள்.